நீ என்ன சாப்பிட்டே?

காலையில் என் தட்டுக்கு முன்னால் நான் உட்காருவதற்குள் என் மாமியார் வந்து உட்கார்ந்துவிடுவார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, நான் வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் சோதனைச்சாவடிக்காரர் லாரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அன்றைக்கு மாட்டிக்கொண்டது பப்பாளி. நன்றாகப் பழுத்த பழம். நானே கழுவி, நானே நறுக்கி, இரண்டே இரண்டு துண்டு வைத்திருந்தேன்.

"இது என்னது?"

"பப்பாளி, அத்தை. பழுத்ததுதான். பழுத்தது சாப்பிடலாம், காய்தான் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"கடவுளே! இன்னுமா உனக்குப் புத்தி வரல?"

தட்டோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டார். அந்த இடத்தில் பெரிய டம்ளர் நிறையப் பால் வந்து உட்கார்ந்தது. "இதைக் குடி. பாலை மிஞ்சின சாப்பாடு உலகத்துல உண்டா?"

என் வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது? நாள் பூராவும் பாலோடு மாரடிப்பவள் நான்.

எனக்கு நான்காவது மாதம். இந்த நான்கு மாதத்தில் ஆளாளுக்கு ஒரு சட்டம். அத்தை சட்டப்படி பப்பாளி, அன்னாசி, எள், கத்திரிக்காய் எதுவும் கூடாது. முட்டை வேண்டும், ஆனால் அரைவேக்காடாக இருந்தால்தான் சத்தாம். டாக்டரோ அரைவேக்காடு முட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். என் நாத்தனார் போனில், முட்டை சாப்பிட்டாலே குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி வரும் என்றார். மாடி வீட்டு அம்மா படியில் என்னைப் பிடித்து நிறுத்தி, தினமும் ஈரல் சாப்பிடச் சொன்னார். ஈரல் அதிகம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னால், "அவங்களுக்கு எத்தனை குழந்தை?" என்று கேட்டார். காபியை ஒன்றிரண்டு கப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அதைப் பற்றி மட்டும் யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை. அத்தையே கறுகறுவென்று போட்டு மூன்று வேளை கொடுப்பார். எது நிஜமாகவே ஆகாதோ அது என்னைத் தேடி வரும். எது ஒன்றும் செய்யாதோ அதற்கு வீட்டில் ஊரடங்கு.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் போன வருஷம் நடந்தது. அப்போது மூன்றாவது மாதத்தில் ஒன்று கலைந்து போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை அழுதார். பொய்யாக அழுதார் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன சாப்பிட்டே?"

வலிக்கிறதா, உட்காருகிறாயா, தண்ணீர் வேண்டுமா, ஒன்றும் இல்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்பதுதான் கேள்வி. எனக்கு அப்போது பொய் சொல்லத் தெம்பில்லை. "அன்னாசி" என்று சொல்லிவிட்டேன்.

"ஐயோ! யார் குடுத்தது?"

வாசற்கதவருகே மருந்துப் பையோடு என் கணவர் நின்றிருந்தார். அன்னாசியை வாங்கிவந்தது அவர்தான். வாந்தி நிற்காமல், ஒரு வாய்ச் சோறு இறங்காமல் நான் சுருண்டு கிடந்தபோது, "புளிப்பா ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்" என்றேன். லிப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பொட்டலம் நறுக்கிய அன்னாசி வாங்கி, அம்மா கண்ணில் படாமல் கருவிப் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தின்றோம். அந்த வாரத்தில் என் வயிற்றில் தங்கிய ஒரே சாப்பாடு அதுதான்.

கதவருகே அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், "நானே வழியில வாங்கிச் சாப்பிட்டேன் அத்தை" என்றேன். அவர் குறுக்கே வந்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. நாத்தனாருக்குப் போன் போயிற்று, மாடி வீட்டுக்குப் போயிற்று, நான் பார்த்தே இராத சித்தப்பா வீட்டுக்கெல்லாம் போயிற்று. வாயைக் கட்டத் தெரியாதவள். ஒரு துண்டுப் பழத்துக்காக வயிற்றுப் பிள்ளையைத் தொலைத்தவள். நான் அறைக்குள் வந்து கண்ணைத் துடைத்தால் என் கணவர், "விடும்மா, அம்மா அப்படித்தான் பேசுவாங்க" என்பார். அம்மா எப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரியாதா? இவர் எப்போது பேசுவார் என்பதுதான் என் கேள்வி.

அதனால் இந்தத் தடவை எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று அவர் தன் அம்மாவிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். குழந்தை பிறப்பதற்குள் சொல்ல வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், அந்தக் கூடத்தில் அதே கேள்வி தயாராகக் காத்திருக்கும். இன்னொரு தடவை அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

என் வேலை பால் நிலையத்தில். சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி வண்டியாகக் கேன்கள் வந்து இறங்கும் மேடையில் நிற்பேன். கேன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒரு கிண்ணத்தில் மாதிரி எடுத்து, ஒரு மடக்கு வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவேன். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் இயந்திரம் சொல்லிவிடும். மாடு எதையோ மேய்ந்து வந்த கசப்பையும், கேனைச் சரியாகக் கழுவாத வாடையையும் நாக்குதான் சொல்லும். அங்கே எனக்கு நாக்கக்கா என்றே பெயர். வண்டி ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது.

அந்தப் பால் காய்ச்சாத பச்சைப் பால். இந்தத் தடவை முதல் பரிசோதனையிலேயே டாக்டர் என் வேலையைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "காய்ச்சாத பால் வாயிலயே படக்கூடாதும்மா. துப்பிடுறேன்னு சொல்லாதீங்க. அதுல இருக்கக்கூடிய கிருமி உங்களை லேசா காய்ச்சல் மாதிரி வந்து தொட்டுட்டுப் போகும், குழந்தையை விடாது. எல்லாப் பால்லயும் இருக்காது. ஆனா எதுல இருக்குன்னு உங்க நாக்குக்குத் தெரியாதில்ல?"

என் நாக்குக்குத் தெரியாத ஒன்று பாலில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய அடி. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "பால்ல போய்க் கிருமியா? யார் காதுல பூ சுத்துறா உன் டாக்டர்?" என்று சிரித்தார். பப்பாளியைக் குப்பையில் போட்டவரும் இவரேதான்.

மறுநாளிலிருந்து ஒரு சின்ன மின்அடுப்பை மேடைக்குக் கொண்டுபோய் வைத்தேன். மாதிரி எடுத்த பாலைக் கொதிக்க வைத்து, ஆற்றி, அப்புறம்தான் வாயில் வைப்பேன். காரணம் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை மூன்றாம் மாதமே எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருவரிடமாகப் போய், இல்லை, போய்விட்டது என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருந்ததே, அது போதாதா? அதனால் வாயை மூடிக்கொண்டு பாலைக் காய்ச்சினேன். வண்டிகள் தெருமுனை வரைக்கும் நின்றன. வெயிலில் பால் கெட்டுவிடும் என்று டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு அவசரம் என்று பட்டப்பெயர். எது கேட்டாலும் முதல் வார்த்தை அதுதான். பப்பாளி குப்பைக்குப் போன அதே நாள் காலையில் அவர் மேடைக்கு ஏறி வந்தார்.

"அவசரம்மா! என்ன இங்கே டீக்கடையா நடத்துறே? ஒரு மாசமா நானும் பாக்கறேன். பாலைக் காய்ச்சிக்கிட்டு, ஆத்திக்கிட்டு. மகாராணிக்குப் பச்சைப் பால் இறங்காதோ?"

"காய்ச்சினாலும் ருசி தெரியும் சார். நான் கண்டுபிடிச்சிடுவேன்."

"இத்தனை வருஷம் இல்லாத பழக்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?" அவரே கேனுக்குள் கிண்ணத்தை முக்கி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா. இப்பவே குடிச்சுப் பாத்துச் சொல்லு. இல்லன்னா இறங்கு, வேற ஆளை நிறுத்திக்கறேன்."

கிண்ணம் என் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கீழே ஹாரன் சத்தம். பசித்த வயிறு, குப்பைக்குப் போன பப்பாளி, ஒரு வருஷத்து எரிச்சல் எல்லாம் சேர்ந்து கிளம்பியது. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவர் சட்டை பூராவும் பால்.

"முடியாது சார்! என் வயித்துல குழந்தை இருக்கு. பச்சைப் பால் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. போதுமா?"

அவர் சொட்டச் சொட்ட நின்றார். "பால் குழந்தைக்கு நல்லதாச்சேம்மா" என்றார் மெதுவாக. "காய்ச்சின பால் நல்லது சார், காய்ச்சாதது கூடாது" என்றேன். தலையைச் சொறிந்தார். "இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? இன்னொரு அடுப்பும் வாங்கி வைக்கச் சொல்றேன்" என்று கீழே இறங்கிப் போனார். அத்தோடு விட்டிருந்தால் அந்த மனிதருக்குக் கோயிலே கட்டியிருப்பேன். வண்டிகளைக் கூப்பிடும் மைக் அவர் கையில் இருந்தது. "டிரைவருங்க எல்லாம் கேளுங்க! நாக்கக்கா முழுகாம இருக்காங்க. பாலைக் காய்ச்சித்தான் பாப்பாங்க. யாரும் ஹாரன் அடிக்காதீங்க!"

தெருமுனை வரைக்கும் கேட்டது. ஹாரன் நின்றது, யோசனைகள் ஆரம்பித்தன. அக்கா அன்னாசி சாப்பிடாதீங்க. அக்கா என் பொண்டாட்டி கத்திரிக்காய் தின்னுதான் பிள்ளை கறுப்பாப் பிறந்துச்சு. அக்கா கறந்த சூட்டோட பால் குடிங்க, நான் கொண்டுவரேன். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்று மாலை டாக்டரிடம் போகும் முறை. என் கணவர் வேலையிலிருந்து நேரே வந்துவிட்டார், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார். நன்றாகவே கேட்டது. மேடையில் நடந்ததைச் சொன்னேன். "ரொம்ப சரி, யாருக்காகவும் மாத்தாதீங்க" என்றார். பெரிய கடல்மீன் வேண்டாம், சின்ன மீன் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், காய்கறியை நன்றாகக் கழுவுங்கள் என்று வழக்கமானதையெல்லாம் சொல்லிவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

என் கணவர் எதையும் கேட்கிறவர் இல்லை. அன்றைக்குத் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், போன தடவை அன்னாசி சாப்பிட்டா. அதனாலதான் போச்சா?"

எனக்குச் சுரீரென்றது. கேட்டதற்காக இல்லை. சாப்பிட்டா என்கிறாரே! நான்கு சுவருக்குள், டாக்டர் முன்னால்கூட, வாங்கிக் கொடுத்தேன் என்று வாய் வரவில்லையே!

"இவர்தான் வாங்கிட்டு வந்தார் டாக்டர்" என்றேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் வாங்கினா என்ன? ஒரு பொட்டலம் அன்னாசியால கரு கலையாது. இவ்வளவு சீக்கிரம் கலையறதுல பாதிக்கு மேல, கரு உருவாகும்போதே ஏற்படுற கோளாறுதான். இவங்க சாப்பிட்டதும் காரணமில்ல, நீங்க வாங்கினதும் காரணமில்ல. அப்ப வாயில வெச்ச பச்சைப் பாலும் காரணமா இருக்காது, காய்ச்சலும் இல்ல, பழைய ரிப்போர்ட்ல ரத்தப் பரிசோதனையும் சரியா இருந்துச்சு. யாரும் எதையும் மனசுல வெச்சுக்க வேண்டாம்."

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கன்னத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. "ஒரு வருஷமா என் கையாலேயே கொன்னுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன் டாக்டர்" என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவர் ஒரு வருஷம் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வருஷம் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது சொன்னேன். "இன்னிக்கு அத்தைகிட்ட சொல்லிடுங்க."

"அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே. இனிமே எதுக்கும்மா பழசைக் கிளறிக்கிட்டு?"

"டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்க, உங்க பாரம் இறங்கிடுச்சு. என்னோடது?"

"அம்மா சத்தம் போடுவாங்க..."

"போடட்டும்! ஒரு நாள் உங்களுக்குப் போடட்டும். நான் வேணும்னா பக்கத்துல நின்னு எப்படிக் கேட்டுக்கறதுன்னு சொல்லித் தரேன்."

பேருந்து வந்தது. இறங்கி நடக்கும்போது, "சொல்றேன்" என்றார்.

வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. அத்தை சோறும் கீரையும் போட்டு, வறுத்த மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் கை கழுவிவிட்டு வந்தார், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள்தான், என்ன, சொல்லவே ஒரு வருஷம் ஆயிற்று.

"அம்மா, போன வருஷம் அந்த அன்னாசியை நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவ வாங்கல. நீங்க திட்டுவீங்கன்னு எனக்காக அப்படிச் சொல்லிட்டா. நானும் சும்மா இருந்துட்டேன். பழத்தால ஒண்ணும் ஆகலன்னு இன்னிக்கு டாக்டர் சொன்னாங்க."

கரண்டி அப்படியே நின்றது. ஒரு வருஷமாக எனக்கு விழுந்ததெல்லாம் இப்போது அவருக்கு விழும், பாதியிலாவது நான் குறுக்கே புகுந்து தடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றுகூட நினைத்தேன். அத்தை மகனின் முகத்தைப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு மகன் பக்கத்தில் போனார்.

"அட கிறுக்கா! இதையா இத்தனை நாளா மனசுல வெச்சு மறுகிக்கிட்டு இருந்தே?" என்று கன்னத்தைத் தடவினார். "பாவம், உனக்கு என்ன தெரியும்? பொண்டாட்டி வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்கிறாளேன்னு ஆசையா வாங்கியிருப்பே. ஒரு பழத்தால என்ன ஆகிடப்போகுது? நடக்கணும்னு இருந்தது நடந்துடுச்சு, நீ என்ன பண்ணுவே? உட்காரு, சாப்பிடு. முகமே வாடிப்போச்சு பாரு."

ஒரு மீனுக்கு இரண்டு மீனாக மகன் தட்டில் வைத்தார்.

முடிந்தது. விசாரணையும் இல்லை, நாத்தனாருக்குப் போனும் இல்லை. என் கணவர் உட்காராமல் என்னைப் பார்த்தார். நான் கத்தப்போகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினேன்.

"அத்தை," என்றேன். "பாவம், உனக்கு என்ன தெரியும்னு இப்ப அவர்கிட்ட சொன்னீங்களே. அதை அன்னிக்கு என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"நீதான் சொல்லலையே, அவன் வாங்கினான்னு. நீயே வாங்கித் தின்னேன்னுதானே சொன்னே?"

"யார் வாங்கினா என்ன அத்தை? போனது என் வயித்துலேருந்துதானே?"

என் கணவர் சுற்றி வந்து என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு உடைந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, போன வருஷம் போன குழந்தைக்காக வாய்விட்டு அழுதேன். ஒரு வருஷமாகக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததில், அதற்காக அழ எனக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை.